சந்தோசக் குளிசை

போன வாரம் கிளினிக்கில் டொக்டரம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என் தங்கை ரிஸானாவின் மாப்பிள்ளை நவாஸை மாதாமாதம் அங்கே கூட்டிப் போவது நான்தான். மருந்துத் துண்டை வாங்கும்போது, "இந்தச் சந்தோசக் குளிசையை இன்னும் எவ்வளவு காலம் போடணும் டொக்டர்?" என்று கேட்டுவிட்டேன்.

"யார் வச்ச பேர் இது?" என்றார் கோபமாக. நான் நவாஸைப் பார்த்தேன். நவாஸ் தரையைப் பார்த்தான்.

பேர் வைத்தவன் அவன்தான். பாசிக்குடா ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை — நாள் முழுக்கச் சிரிக்க வேண்டிய உத்தியோகம். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்காது, பேச்சு கிடையாது. கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை மனநோய் மருந்து என்று சொன்னால் எங்கள் ஊர் ஓட்டமாவடி முழுக்கப் பரவிவிடுமே! அதனால் போனில் எங்கோ பார்த்ததை வைத்து, "மூளையில செரட்டோனின் எண்டு ஒரு சாமான் குறைஞ்சிட்டாம். இது சந்தோசக் குளிசை" என்று ரிஸானாவிடம் பகிடியாகச் சொன்னான். அவள் பகிடியை நம்பிவிட்டாள். நம்பி, தினமும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தோசமா வந்தது? படபடப்பு வந்தது. உறக்கம் போனது. வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தான். யாரையும் கேட்காமல் குளிசையை நிறுத்தினான்... நிலைமை இன்னும் மோசமானது.

ஒருநாள் ரிஸானா என் வீட்டுக்கு வந்து அழுதாள். "சந்தோசத்துக்கெண்டே செஞ்ச குளிசையைப் போட்டும் அவர் சிரிக்கிறாரில்ல காக்கா. அப்ப அவர்ட வருத்தம் நான்தானே?"

"பைத்தியமா உனக்கு?" என்றேன். அதட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

எங்கள் பக்கம் கலியாணத்தோடு வீடு பெண்ணுக்கு. கோபம் வந்தால் பெட்டியைத் தூக்க வேண்டியவன் மாப்பிள்ளைதான். ஆனால் ரிஸானா தன் வீட்டை அவனிடம் விட்டுவிட்டுத் தையல் வேலைக்குக் கட்டாருக்குப் போய்விட்டாள். "என்ட முகம் கொஞ்சக் காலம் அவர்ட கண்ணில படாம இரிக்கட்டும்" என்றாள். அவள் போன பிறகுதான் நவாஸை மறுபடி கிளினிக்குக் கொண்டுபோனேன். மெல்ல மெல்லத் தேறினான்.

இந்தக் கதையெல்லாம் கேட்ட டொக்டரம்மா தலையில் கைவைத்தார்.

"செரட்டோனின் சந்தோசம் காய்ச்சுற சாமான் இல்ல. மூளையின்ட மேற்பட்டையில நரம்புக் கலங்கள் ஒண்டையொண்டு உசுப்பித்தான் சேதி கடத்துது. அதைக் கொண்டுபோறது பெரும்பாலும் குளூட்டமேட் எண்ட வேற இரசாயனம். செரட்டோனின் கலியாண வீட்டு மைக்செட்காரன் மாதிரி. கலத்தில அதைப் பிடிச்சு வாங்க இருக்கிற ஒருவகை வாங்கியில பட்டா, அந்த உசுப்பலைக் கூட்டும். இன்னொரு வகையில பட்டா, அடக்கும்."

"அப்ப குளிசை?"

"செரட்டோனினைக் கூடுதலா நிக்க வைக்கும். மூளை அதுக்குப் பழக வாரக்கணக்கில எடுக்கும். ஆரம்பத்தில படபடப்பு வரலாம், வந்தா எங்களிட்ட வந்து சொல்லணும். மனம் எப்படித் தேறுது எண்டது எங்களுக்கே முழுசாத் தெரியாது. ஆனா மனிசியின்ட முகத்தைப் பழி சொல்ல இதில ஒண்டுமில்ல."

படித்தவர்களே முழுசாகத் தெரியாது என்கிறார்கள். நாம் ஒற்றைச் சொல்லில் பேர் வைத்துவிடுகிறோம். நோயை மறைக்கத்தானே என்று வைக்கிறோம்... அந்தப் பேரை நம்பி வீட்டில் ஒருத்தி காத்திருப்பாள் என்று யார் யோசிக்கிறோம்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, இருவருமாக ரிஸானாவுக்கு வட்ஸ்அப் எடுத்தோம். டொக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவளுக்கு விளங்கட்டுமென்று மைக்செட்காரனை நடித்தும் காட்டினேன். பக்கத்தில் இருந்த நவாஸ் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். எத்தனை காலத்துக்குப் பிறகு! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திரையில் ரிஸானாவும் சிரித்தாள். பிறகு மெதுவாக, "பாத்தீங்களா காக்கா... நான் இல்லாம எவ்வளவு நல்லா இரிக்கார்" என்றாள். வேலை ஒப்பந்தத்தை நீட்டப் போகிறாளாம்.

அடுத்த நாள் அவள் எடுத்தபோது நவாஸ் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டுதான் பேசினான்.

சுகமாகிவிட்ட மனிதன்... பெண்சாதி திரும்பி வரவேண்டும் என்பதற்காகச் சிரிப்பை அடக்கப் பழகிக்கொண்டிருக்கிறான்.