மிச்சத் தண்ணீரில் ஒரு தர்பூசணி

சாயங்காலம் கம்பெனி பஸ் கேட்டைத் தாண்டியதும் பிரிசில்லா கேனோடு எழுந்துவிடுவாள். சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாக வருவாள். "ஊத்துக்கா. இன்னா, இவ்ளோதானா?" குடித்தது போக பாட்டிலில் மிஞ்சிய தண்ணீரை அந்தக் கேனில் ஊற்றிவிட வேண்டும். ஜன்னல் வழியே கொட்டியவர்கள் அவளிடம் திட்டு வாங்காமல் வீடு போய்ச் சேர்ந்ததில்லை. நானும் வாங்கியிருக்கிறேன்.

மாதனூர்ப் பக்கம் அவள் வீட்டு போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர். கத்திரியும் வெண்டையும் முகம் சுளித்துக்கொண்டாவது அதைக் குடித்துவிடும். அவளுக்கோ தர்பூசணி மேல் ஆசை. போன வருஷம் கொடி பூவோடு கருகிப்போனது. "உப்புத் தண்ணிய ஊத்திட்டு இனிப்பு கேக்குதா உனுக்கு?" என்று பக்கத்து சீட் வஜீதா கேட்க, பஸ்ஸே சிரித்தது. பிரிசில்லா அந்தச் சிரிப்பை மறக்கவில்லை. இந்த மாசியில் மறுபடி விதை போட்டாள். கம்பெனியில் குடிக்கக் கொடுக்கிற நல்ல தண்ணீர் மட்டும்தான் அந்தக் கொடிக்கு. கேனில் பிடித்துப்போக வாட்ச்மேன் விடமாட்டார் என்பதால்தான் இந்த பஸ் வசூல்.

ஷூவுக்கு வரும் தோலில் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. கட்டைவிரலால் தடவியே கீறலைச் சொல்லிவிடுவாள். வீட்டிலும் அதே வேலைதான் என்பது கணவர் இன்பராஜின் புகார். இலைகளையும் அப்படித்தான் தடவிப் பார்ப்பாள். சொத்தைக் கத்திரிக்காய் "ரிஜெக்ட்" ஆகி ஆட்டுக்குப் போகும். நல்ல காய் எங்களுக்கு வரும், வஜீதாவுக்கு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. "அவ வாய்க்கு இதுவே கம்மி."

கொடியில் ஒரே ஒரு காய் தங்கி, தேங்காய் அளவுக்கு வந்த நேரம். ஆர்டர் இல்லை என்று கம்பெனியில் ஒரு வாரம் லீவு விட்டார்கள். அக்னி வெயில் வேறு. பஸ் இல்லையென்றால் தண்ணீரும் இல்லை. லீவுக்கு முந்தின நாள் சாயங்காலம் பிரிசில்லா சீட்டைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. வஜீதாதான் கேனைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினாள். ஜன்னல் சீட் போனாலும் போகட்டும் என்று அன்று எல்லோரும் குழாயடியில் நின்று பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பி வந்திருந்தோம். கேன் வழிந்தது. டிரைவர் தன்னிடமிருந்த கேனையும் பின்னால் அனுப்பினார். ஊர் கூடித் தேர் இழுத்தது போலத்தான் இருந்தது. "சும்மா பேஜார் பண்ணாதீங்க" என்று பிரிசில்லா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வைகாசிக் கடைசியில் ஒரு காலைப் பொழுது, பழத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸிலேயே அறுத்தாள். ஆளுக்கு ஒரு கீற்று, டிரைவருக்கும். எல்லோரும் வஜீதாவையே பார்த்தோம். அவள் கடித்தாள், மென்றாள், ஒன்றும் சொல்லவில்லை. வஜீதா வாய் திறக்கவில்லை என்றால் இனிப்பில் குறையில்லை என்று அர்த்தம். விதையைத் துப்ப ஜன்னல் பக்கம் திரும்பினாள். அதற்குள் பிரிசில்லாவின் உள்ளங்கை அவள் வாய்க்குக் கீழே வந்துவிட்டது.

"வெளிய துப்பாத. இதுல போடு."

வஜீதா துப்பினாள். பிரிசில்லா அந்தக் கையை மூடாமல் அப்படியே நீட்டியபடி அடுத்த சீட்டுக்குப் போனாள்.