ஆற்றுக்குத் திரும்பிய ஆமை

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். எங்கள் ஆமை வீட்டுக்குள் புகவில்லை, கிணற்றில்தான் இருந்தது, அதனால் தோஷமில்லை என்பது சித்தப்பாவின் வாதம். மாதனூர் பக்கம் பாலாறு வற்றி, கடைசிக் குட்டையும் சேறாகிக் கிடந்த ஒரு கோடையில் அவர்தான் அதை வாளியில் போட்டு எடுத்து வந்தார். ஆற்றில் தண்ணீர் வந்ததும் திருப்பி விட்டுவிட வேண்டும் என்று பேச்சு. பாலாறு என்றைக்கு வருவது, ஆமை என்றைக்குப் போவது என்று அம்மா சிரித்தாள்.

சித்தப்பா அதோடு நிற்கவில்லை. வாரம் முழுக்க ஷூ கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் தோஸ்துகளோடு ஆற்றில் இறங்கிச் சீமைக்கருவேலம் வெட்டுவார். முள்ளை எடுத்தால் ஆறு பிழைக்கும், ஆறு பிழைத்தால் மீனும் கொக்கும் ஆமையும் தானாக வரும் என்று நம்பினார். நம்பிக்கைக்குக் காசா கேட்கப் போகிறார்கள்?

நான் ராட்டினக் கயிற்றை இழுத்தால் போதும், அந்தக் கீச்சுச் சத்தத்துக்கே ஆமை மேலே வந்து தலையை நீட்டும். சோற்றுப் பருக்கை போடுவேன். கூடப் பிறந்தவர்கள் இல்லாத எனக்கு அதுதான் துணை.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது ஐப்பசி மழை விடாமல் அடித்து, ஆறு உண்மையிலேயே வந்துவிட்டது. ஊரே கரையில் நின்று மஞ்சள் குங்குமம் தூவிக் கும்பிட்டது. சித்தப்பா வெட்கமில்லாமல் அழுதார். பிறகு வீட்டுக்கு ஓடிவந்து, கிணற்றில் கூடையை இறக்கி ஆமையை மேலே எடுத்தார்.

தோல் பதனிடும் டேனரியில் ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா அதைப் பார்த்து நின்றுவிட்டார்.

“இன்னிக்கு வேணாம்டா. பத்து நாள் போவட்டும்.”

“இன்னாத்துக்குண்ணா?”

“வெள்ளம் ஜாஸ்தியா இருக்குது. அடிச்சிக்கினு போய்டும்.”

“ஆமையப் போயி தண்ணி அடிச்சிக்கினு போவுமா?”

சித்தப்பா சிரித்தார், நானும் சிரித்தேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா டிபன் பாக்ஸை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கரையில் வைத்ததும் ஆமை கொஞ்ச நேரம் அசையவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்ததாக எனக்கு நினைவு. ஆமைகள் அப்படியெல்லாம் பார்க்குமோ என்னவோ. பிறகு தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. எனக்கு அழுகையும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் வீட்டு வாசல்வரை நாற்றம் அடித்தது. அப்பாவின் சட்டையில் தினமும் வருகிற அதே நாற்றம். ஆற்றின் மேல் நுரை மிதந்தது. கரையோரம் முழுக்க மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு செத்துக் கிடந்தன. கோரைப் புதரில் கழுத்தை முழுக்க வெளியே நீட்டியபடி ஆமை கிடந்தது. சித்தப்பா அதைக் கோணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

வெள்ளம் வரும்போது கழிவுத் தொட்டியைத் திறந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது சில முதலாளிகளின் கணக்கு. அந்த முறை வால்வைத் திருகும்படி அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். மாட்டேன் என்றால் மறுநாள் அவருக்கு வேலை இல்லை. இதெல்லாம் வெகுகாலம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு அப்பா ஷிப்டு முடிந்து வந்த உடுப்போடு கிணற்றடியில் குழி தோண்டினார். “எந்தப் பாவி தொறந்து உட்டானோ, அவன் கை வெளங்குமா” என்று சித்தப்பா திட்டிக்கொண்டே இருந்தார். நானும் தேம்பித் தேம்பி அதையே சொன்னேன், அவன் கை விளங்காமல் போகட்டும் என்று. அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

அப்பா தலை நிமிரவில்லை. குழியில் கையாலேயே மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

“உடு, கொழந்த திட்டட்டும்” என்றார்.

அப்பா என் கட்சி என்று நினைத்துக்கொண்டு இன்னும் சத்தமாகத் திட்டினேன்.