லீக்ஸ் அடியும் என் ஈரலும்

முதலில் வந்தது வலி இல்லை, பாரம். வலது விலாவுக்குக் கீழே ஈரச் சாக்கு ஒன்றை மடித்து வைத்தது போல இருந்தது. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருபத்தெட்டு வருடமாகக் கவ்வாத்து வெட்டுகிறவன் நான் (தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மறுபடி தளிர்க்க விடும் வேலை). இடுப்புவலி எங்களோடு கூடப் பிறந்தது. இதையும் அந்த வகையில் சேர்த்து, இரண்டு மாதம் தைலம் தடவிக்கொண்டு திரிந்தேன்.

கண்ணைக் கவனித்தது என் மனைவி பாக்கியம். கொழுந்து எடுத்துவிட்டு வந்தவள் கூடையைக்கூட இறக்காமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"கண்ணு ஏங்க இப்புடி மஞ்சளா கெடக்கு?"

லிந்துலையில் காட்டி, நுவரெலியாவில் ஸ்கேன் எடுத்து, கடைசியில் கண்டிக்குப் போனோம். கல்லீரலில் ஒரு கட்டி. புற்றுநோய். இந்தச் சொல்லைக் கேட்டதும் என்ன ஆகும் என்று உங்களில் பலருக்குத் தெரியும். அதற்குப் பிறகு பேசப்பட்டது எதுவும் காதில் ஏறவில்லை.

ஏறியது ஒன்றே ஒன்று. சத்திரசிகிச்சை செய்யவிருந்த வைத்தியர் ஒரு தாளில் ஈரலை வரைந்து, அதில் பாதிக்கு மேல் கோடு போட்டு அடித்தார். இதற்கு ஹெபடெக்டமி என்று பெயர் (ஈரலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிடுவது). அவர் சிங்களத்தில் சொன்னதை எங்கள் பேச்சில் சொல்கிறேன்.

"இவ்வளவையும் வெட்டி எடுத்துருவோம். மிஞ்சுறது சின்னத் துண்டுதான். அது வளரும். ஈரல் மட்டும்தான் அப்படி வளரும். ஆனா வளரணும். வளரலைன்னா நாங்க செய்யக்கூடியது ரொம்பக் கொஞ்சம்."

நான் தலையாட்டினேன். நம்பவில்லை. வெட்டினால் திரும்ப வளரும் என்பதை என் வாழ்நாள் முழுவதும் செடியில் பார்த்தவன்தான். மனுசனுக்குள் அது நடக்கும் என்று யாராவது சொன்னால், பயந்தவனைச் சமாதானப்படுத்தச் சொல்கிற பேச்சு என்றுதான் தோன்றியது.

வெட்டி எடுத்த பன்னிரண்டாம் நாள் லயத்துக்குத் திரும்பினேன் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு). நெஞ்சுக்குக் கீழே குறுக்காக ஒரு நீளத் தையல். கண்ணில் மஞ்சள் அப்படியே இருந்தது. மூன்று மாதத்தில் ஒரு ஸ்கேன், அதில்தான் தெரியும் என்றார்கள். பாரம் தூக்கக்கூடாது, குனியக்கூடாது. பாக்கியம் வேலைக்குப் போன பிறகு குசினி ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, அதில் நான். ஒரு ஆண்பிள்ளை இவ்வளவு நேரம் குசினியில் உட்கார்ந்து எங்கள் லயத்தில் யாரும் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுச் சரோஜா, "அண்ணே, நாளைக்கு எங்க வீட்டுக்கும் சமைச்சிருங்க" என்று கிண்டல் செய்துவிட்டுப் போவாள்.

ஒரு சாயந்தரம் பாக்கியம் கறிக்கு லீக்ஸ் அரிந்தாள் (தடித்த வெங்காயத்தாள் போல இருக்கும்). வேரோடு இருந்த அடியை இரண்டு விரல் நீளத்துக்கு விட்டு, தயிர்ச் சட்டியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஜன்னலில் நிறுத்தினாள். சாமான் விலை ஏறிய நாளிலிருந்து அவள் செய்கிற காரியம்தான். நான் அதுவரை கவனித்ததே இல்லை.

மறுநாள் காலை அந்தச் சட்டியைப் பார்த்தேன். வெட்டிய வாய் தட்டையாக இல்லை. வெளி வளையங்கள் அப்படியே நிற்க, நடுவளையம் மட்டும் நகத்தளவு மேலே எழுந்து நின்றது. மண் இல்லை, உரம் இல்லை. நான் படுத்துக் கிடந்த ஒரே இரவில்!

நான் வெட்டிய தேயிலைச் செடி கண் திறக்க ஆறு, ஏழு வாரம் ஆகும். அதுவரை அது செத்த கட்டையாகத்தான் நிற்கும். இது இரவோடு இரவாகக் கிளம்பியிருக்கிறது. "பாக்கியம், இங்க வா, இங்க வா!" என்று கத்தினேன். எனக்கு என்னவோ ஏதோ என்று தேயிலைச்சாயம் ஊற்றிக்கொண்டிருந்தவள் பதறி வந்தாள்.

"லீக்ஸுன்னா வளரத்தாங்க செய்யும். அதுக்கா இந்தக் கூப்பாடு?"

அவளுக்கு அது ஒன்றுமில்லை. எனக்கோ மயிர் கூச்செறிந்தது. ஒரு நெருப்புக்குச்சியைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் இன்னும் ஒரு நூல் ஏறியிருந்தது. ஒரு செடி வளர்வதை, கிட்டத்தட்ட வளரும்போதே, ஐம்பத்திரண்டு வயதில்தான் பார்த்தேன்.

பிறகு எந்தக் கழிவையும் நான் வீச விடவில்லை. கரட் தலையை மூடியில் தண்ணீர் வைத்து நிறுத்தினால், ஒரு வாரத்தில் மல்லி இலை போலப் பொடிப்பொடியாகப் பச்சை. கோவா (முட்டைக்கோஸ்) அடியை வைத்தால் ஓரத்தில் குட்டி இலைகள். பொன்னாங்காணித் தண்டு போத்தலுக்குள் கணுவுக்குக் கணு வெள்ளை வேர் விட்டது. நீங்களும் கட்டிலோடு கிடப்பவராக இருந்தால் செய்து பாருங்கள். அடி மட்டும் நனைந்தால் போதும், தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். இதில் மருந்து எதுவும் இல்லை. காலையில் கண் விழித்ததும் பார்க்க ஒன்று இருக்கும், அவ்வளவுதான். எனக்கு அதுவே பெரிதாக இருந்தது.

ஆனால் நான் இரண்டு தப்புச் செய்தேன். ஒன்று லீக்ஸில். ஒரு சாண் ஏறியதும் வெட்டினேன், மறுபடி எழும் அதிசயத்தைப் பார்க்க. எழுந்தது. மறுபடி வெட்டினேன். அப்போதும் எழுந்தது, கொஞ்சம் மெலிந்து. மூன்றாம் முறையும் கத்தியை வைத்தேன்.

மற்றது என் சாப்பாட்டில். வெட்டுக்காயம் பட்ட உடம்புக்குப் பத்தியம் என்று எங்கள் பக்கத்தில் ஒன்று உண்டு. முட்டை ஆகாது, கருவாடு ஆகாது, பருப்பு வாய்வு, மீன் சூடு. தின்றால் தையல் சீழ் பிடிக்கும். வைத்தியர் துண்டுச் சீட்டில் எல்லாவற்றையும் சாப்பிடச் சொல்லி எழுதியிருந்தார். பாக்கியம் அவித்த முட்டையைக் கொண்டு வந்து வைத்தபோது, "தொரைக்கு என்னா தெரியும், ஒடம்பு என்னுது" என்று தட்டைத் தள்ளினேன். கஞ்சித் தண்ணீர், ரஸ்க், தேயிலைச்சாயம். ஒரு மாதம் இதுதான். அரை ஈரலுக்குக் குறைந்த வேலை கொடுக்கிறேன் என்று பெருமை வேறு.

ஒரு மாதத்துக் கிளினிக்கில் என் கால்கள் வீங்கியிருந்தன. அல்புமின் குறைந்திருந்தது (இரத்தத்தில் இருக்கும் புரதம், குறைந்தால் நீர் கோக்கும்). என்ன சாப்பிடுகிறாய் என்று வைத்தியர் கேட்டார். சொன்னேன். அவர் பேனாவை மேசையில் வைத்தார்.

"எதை வச்சு அது வளரும்?"

எனக்கு ரோசம் வந்தது. வீட்டுக்கு வந்தும் முறைத்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு நாள் கழித்து ஜன்னலில் வாடை அடித்தது. மூன்றாம் முறை வெட்டிய லீக்ஸ் எழவில்லை. விரலால் தொட்டதும் வளையங்கள் வழுவழுவென்று கழன்றன. நம் கதையும் இதுதான் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன்.

பாக்கியத்துக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். சட்டியை என் மடியில் வைத்தாள்.

"வெறுந் தண்ணியில மூணு தடவ வெட்டுனா அது எங்க இருந்துங்க வரும்? உள்ள இருந்ததக் குடுத்துச்சு, தீந்துபோச்சு. மண்ணுல வச்சிருந்தா அதுபாட்டுக்கு வந்திருக்கும். நீங்களும் தண்ணியிலதான இருக்கீங்க?"

இது எனக்குத் தெரிந்த விசயம். கவ்வாத்துக்கு முன்னால் செடியின் வேரைச் சீவி அயடின் தடவிப் பார்ப்பார்கள். கறுத்தால் உள்ளே சத்து இருக்கிறது, வெட்டலாம். வெளுத்திருந்தால் வெட்டக்கூடாது, செடி எழாது. எத்தனையோ தடவை அந்த வேர்த்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவன் நானேதான். செடிக்கென்று தெரிந்துவைத்திருந்த நியாயத்தை என் உடம்புக்குக் கொடுக்கவில்லை.

அன்று ராத்திரி இரண்டு முட்டை தின்றேன். அழுதுகொண்டேதான் தின்றேன், வெட்கமாக இருந்தது. மறுநாள் பருப்பு, அதற்கடுத்த நாள் நெத்தலி. தையல் ஒன்றும் பிரியவில்லை. இரண்டாவது வாரம் வீக்கம் வற்றி, செருப்பு காலுக்குச் சேர்ந்தது. வெளியே தகரத்தில் மண் நிரப்பி புதிய லீக்ஸ் அடிகளை ஊன்றினோம். கத்தியைப் பாக்கியம் எடுத்து ஒளித்துவிட்டாள்.

மூன்று மாத ஸ்கேன் நாளும் வந்தது. வைத்தியர் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று வெட்டிய வாரத்தில் எடுத்தது, உள்ளங்கை அளவு நிழல். மற்றதில் அந்த நிழல் விலாவுக்கடியில் நிறைந்து கிடந்தது.

"வெட்டி எடுத்தது திரும்ப மொளைக்கல. அது போனது போனதுதான். மிஞ்சுனது பெருத்து, அதோட வேலையையும் சேத்துச் செய்யுது."

"எப்பங்க சேர் வளர ஆரம்பிச்சுச்சு?" பாக்கியம் கேட்டாள். "இவரு சாப்பிட ஆரம்பிச்ச பொறகா?"

"இல்ல. வெட்டுன அன்னைக்கே. சாப்பாடு இல்லாம ரொம்பத் திணறியிருக்கு. ஆனா நிக்கல."

வெட்டிய அன்றைக்கே. நான் மயக்கத்தில் கிடந்தபோது, செத்துப்போவேன் என்று பேசியபோது, தட்டைத் தள்ளியபோது எல்லாம் உள்ளே அது வேலையில் இருந்திருக்கிறது. நான் அதை ஒரு நாளும் நம்பவில்லை. அது என் நம்பிக்கைக்குக் காத்திருக்கவும் இல்லை. வைத்தியரின் முன்னால் கை கூப்பினேன். யாரைக் கும்பிட்டேன் என்று எனக்கே தெளிவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை இனியும் போக வேண்டும். கட்டி திரும்ப வரலாம் என்பதையும் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் எனக்கு வயது என்ன என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் ஒரு கணம் தடுமாறுகிறேன். முழங்காலுக்கு ஐம்பத்திரண்டு. தேய்ந்த தேய்வுக்கு அதைவிடக் கூடவும் இருக்கும். விலாவுக்கடியில் இருப்பதன் பெரும்பகுதிக்கு மூன்று மாதம்.

அன்று கண்டியிலிருந்து ஹற்றன் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. பாக்கியம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போய், ஜன்னலோரம் இருந்த பெண்ணிடம் சொன்னாள்.

"கொஞ்சம் எடங் குடும்மா. இவரு பச்ச ஒடம்புக்காரரு."

பிள்ளை பெற்றவளுக்குச் சொல்கிற சொல் அது. பஸ் முழுக்க என் நரைத்த மீசையைப் பார்த்துச் சிரித்தது. நான் விலாவில் கையை வைத்துக்கொண்டு, குலுங்காமல், மெதுவாக உட்கார்ந்தேன்.