தண்ணீர்த் தலை

பலகையில் எழுத்து ஒட்டுவதுதான் என் வேலை, எழுதுவது அல்ல. ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள் இதை எழுத உட்கார்ந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈப்போவில் ஒரு விளம்பரப் பலகைக் கடையில் இருக்கிறேன். செமோர் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் ஓடும் ஆற்றை ஒட்டிச் சுற்றுப்பயணிகளுக்குக் காட்டுப் பாதை போட்டார்கள். வழிகாட்டும் அம்புகள், மரங்களைப் பற்றிய பலகைகள், ஆற்றோரத்துக்கு ஓர் எச்சரிக்கை என்று எல்லா வேலையும் எங்கள் கடைக்கு வந்தது.

மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே அந்த ஆறு சுவர் போல எழுந்து வரும். மலாயில் அதற்குக் 'கெப்பாலா ஆயர்' என்று பெயர். தமிழர்களும் அப்படித்தான் சொல்கிறோம். பலகையை வடிவமைத்தவர் போனில் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து அனுப்பிய வரியில் 'தண்ணீர்த் தலை கவனம்' என்று இருந்தது.

இது தப்பு என்று முதலாளியிடம் சொன்னேன். அவரும் போன் போட்டுக் கேட்டார்.

“மேல அப்ரூவ் ஆயிருச்சாம்லா. இனிமே மாத்த முடியாதாம். ஒட்டு,” என்றார்.

பலகை நட நானும் கூட வேலை செய்யும் அண்ணனும் போனோம். குழி தோண்டும்போது ஓர் அக்கா வந்து நின்றார். முன்பு அந்தத் தோட்டத்தில் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டியவர். மீன் பிடிக்கப் போன கணவரை அந்த ஆறு கொண்டுபோனது. அங்கே இருந்த பழைய பலகை மலாயில் மட்டும் இருந்தது. கணவருக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும். அவர் போன நாளிலிருந்து தமிழில் ஒரு பலகை கேட்டு அலைந்தவர் இந்த அக்காதான்.

எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“தண்ணீர்த் தலையா? யாரு தலைம்மா?”

“பேய்த் தலைன்னு நெனச்சு செல்ஃபி எடுக்க வருவானுங்க, அக்கா,” என்றார் அண்ணன்.

அக்கா சிரிக்கவில்லை. “கெப்பாலா ஆயர்னே தமிழ் எழுத்துல போட்டிருக்கலாம்ல.”

பையிலிருந்து மார்க்கரை எடுத்தேன். “என்ன எழுதணும், சொல்லுங்கக்கா.”

“தண்ணி கலங்கி சருகு வந்தா, சாமான விட்டுட்டு மேட்டுக்கு ஏறு. அவ்ளோதான்.” ஆற்றுப் பக்கம் திரும்பிச் சொன்னார்: “வலைய எடுக்கத்தான் திரும்பிப் போனாரு.”

அவர் சொன்னபடியே பலகையின் அடியில் எழுதினேன். அக்கா இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பாதை போட்டவர்களிடமிருந்து முதலாளியின் போனுக்கு ஒரு படம் வந்தது. பெயின்ட் தின்னர் போட்டு நான் எழுதியதைத் துடைத்திருந்தார்கள். பலகை இப்போது சரியாக இருக்கிறது என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தது.