வலது குதிகாலில் ஒரு கறுப்புக் கோடு

சிலுவைராஜ் அண்ணன் சிங்கப்பூரில் செம்பவாங் கப்பல் பட்டறையில் பதினாறு வருஷமாக வெல்டர். அவர் ஒட்டும் தகடுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். படத்தில் கறுப்பாகக் கோடு தெரிந்தால் அது விரிசல். அந்த இடத்தைக் குடைந்து எடுத்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவர்தான். ஆனால் அந்தப் படங்களைப் படிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1979இல் தோ பாயோவில் அவர் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். எங்கள் ஊரில் முதன்முதலாக பி.எஸ்ஸி. முடித்தவன் நான் என்பதால், வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதமெல்லாம் என் கைக்குத்தான் வரும்.

மகள் அருள்ஜோதிக்குப் பதினொரு வயது. பள்ளியில் ஓட்டக்காரி. அந்த வருஷம் மளமளவென்று வளர்ந்தாள். ஓடிவிட்டு வந்தால் வலது குதிகால் வலிக்கிறது என்றாள். போகப் போகக் காலையில் எழுந்ததும் நுனிக்காலில் நடந்தாள். அம்மா பிலோமினம்மாள் தைலம் தேய்த்துப் பார்த்தார். கேட்கவில்லை. சிராங்கூன் ரோட்டில் டாக்டர் ரவூப் எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். சனிக்கிழமை மதியம் படம் கைக்கு வந்தது. திங்கட்கிழமைதான் டாக்டரைப் பார்க்க முடியும்.

அண்ணன் பொறுக்கவில்லை. உறையைப் பிரித்து, படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். குதிகால் எலும்பின் பின்பக்கம் மேலிருந்து கீழாகக் கறுப்பாக ஒரு கோடு. அதற்குப் பின்னாலிருந்த துண்டு தனியாக நின்றது.

"தம்பி, நீ படிச்சவன். இது என்னன்னு சொல்லு."

எக்ஸ்ரே எப்படி உண்டாகிறது என்று கேட்டால் பலகையில் எழுதிக் காட்டுவேன். அந்தக் கோடு என்னவென்று எனக்குத் தெரியவில்லை. "டாக்டர் பாக்கட்டும் அண்ணே" என்று மழுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளைத் தரையில் கால்வைக்க விடவில்லை. மாதா கோயில் பூசைக்கு முதுகில் தூக்கிப் போனார்.

"அப்பா, நான் என்ன பேபியா? ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் பாக்குறாங்க லா!"

மாலையில் படத்தை உறையோடு அலமாரிக்கு மேலே தள்ளிவைத்தார்.

"நாளைக்குப் போக வேணாம்."

"ஏன்?" என்றார் பிலோமினம்மாள்.

"காட்டினா குடைவாங்க. விரிசலக் குடையாம ஒட்ட முடியாது. இரும்புன்னா அழாது. இது பிள்ள."

"டாக்டர் என்ன உங்க போர்மேனா? எடுங்க படத்த. நீங்க வரலன்னா நான் தம்பியக் கூட்டிட்டுப் போறேன்."

திங்கட்கிழமை மூவரோடு நானும் போனேன். டாக்டர் ரவூப் குதிகாலின் இரண்டு பக்கத்தையும் விரலால் அழுத்தினார். ஜோதி கத்தினாள். அண்ணன் கைகள் மேசை விளிம்பை இறுகப் பிடித்தன.

"எப்ப வெட்டுவீங்க டாக்டர்?"

"எதை?"

"அந்த விரிசல."

டாக்டர் உறைக்குள் கைவிட்டு இன்னொரு படத்தை எடுத்தார். வலிக்காத இடது காலின் படம். முதல் படத்தைப் பார்த்த பயத்தில் அண்ணன் அதை எடுக்கவேயில்லை. டாக்டர் இரண்டையும் வெளிச்சப் பெட்டியில் அருகருகே மாட்டினார். இடது காலிலும் அதே கோடு.

"விரிசல் இல்லீங்க. எலும்பு வளர்ற எடம். பிள்ளைங்களுக்கு ரெண்டு துண்டாத்தான் இருக்கும், அப்புறம் தானா ஒட்டிக்கும். எலும்பு வேகமா வளருது, கெண்டைக்கால் தசை கூடவே நீள மாட்டேங்குது. ஓடுறப்ப அங்க பிடிச்சு இழுக்குது, வலிக்குது. கொஞ்ச நாள் ஓட்டத்தக் குறைங்க. வலிச்சா ஐஸ் வைங்க. ஓடப் போடுற சப்பாத்துக்குள்ள குதிகாலுக்கு அடியில மெத்துனு அட்டை போடுங்க. கெண்டைக்கால நீட்டி மடக்கச் சொல்லித் தர்றேன்."

"எப்ப ஒட்டும்?"

"பதினாலு வயசுக்குள்ள."

"மூணு வருஷமா!" என்றார் அண்ணன். "நான் ஒரு நாள்கூட அப்படி விட்டு வச்சதில்ல டாக்டர்."

"நீங்க ஒட்ட வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

சும்மா நின்று பார்ப்பதுதான் அவருக்கு முடியவில்லை. ஏழு வாரம் கழித்து, வலி விட்டு, டாக்டரும் சரி என்ற பிறகு ஜோதி பள்ளித் திடலில் ஓடினாள். அண்ணன் திடலுக்கு முதுகைக் காட்டி வேலிப் பக்கம் திரும்பி நின்றார்.

"தம்பி, ஓடுறாளா?"

"ஓடுறா அண்ணே. ரெண்டாவதா வர்றா."

"அத யாரு கேட்டா? நொண்டுறாளா?"

"இல்ல. நீங்களே பாருங்க."

"நீ பாத்துச் சொல்லு" என்றார், வேலிக்கம்பியை விடாமல்.