இழுபடாத பாட்டு

ஜேர்மனியில், எங்கள் கெல்சென்கிர்ச்சன் வீட்டு நிலவறையில் மகள் தன் சைக்கிளுக்கு ஸ்பீக்கர் பூட்டிக்கொண்டிருந்தாள். ஈயம் பற்றவைத்த வாசம் எழும்பியதும் நான் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டேன்.

யுத்தத்தில் எங்களுக்கு மின்சாரம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ வயரை ரேடியோ கசெட்டில் ஈயத்தால் பற்றவைத்துவிட்டு, அம்மா கையால் பெடலைச் சுற்றுவா. சத்தம் பெருக்க, ஸ்பீக்கரைக் கழற்றி மண்பானை வாயில் கவிழ்த்து வைப்போம். அம்மாவின் கை களைத்தால் பாட்டு இழுபடும். பாடகிக்கு ஆம்பிளைக் குரல் வந்துவிடும்.

"கெதியாச் சுத்துங்கோ அம்மா!" என்று கத்துவோம். அம்மாவுக்குச் சிரிப்பு வரும், பாட்டு இன்னும் இழுபடும்.

"அப்பா, ஒருக்கா ஓடிப் பாக்கட்டோ?" என்றாள் மகள்.

"ஓம், ஓடு."

சைக்கிளை வெளியே எடுத்து, பாட்டோடு தெருமுனை வரை ஓட்டிப் போனாள். எப்போது இழுபடுமோ என்று காதைக் கொடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். இழுபடவேயில்லை.

திரும்பி வந்தவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"ஏனப்பா கையைச் சுத்திக்கொண்டு நிக்கிறீங்கள்?"