பச்சைக் கூடு, பழுப்புக் கூடு

பிள்ளையுண்டாகியிருந்தபோது எனக்குக் காரணமே இல்லாமல் சிரிப்பு வரும். போர்ட் பிளேர் குவார்ட்டர்ஸில் எங்கள் கறிவேப்பிலைச் செடியைப் புழுக்கள் மொட்டையடித்தபோதும் சிரித்தேன். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த செடி. அக்கம்பக்கத்து ரசமெல்லாம் அதை நம்பித்தான் இருந்தது. பள்ளியில் நான் சயின்ஸ் டீச்சர். கொல்ல மனம் வராமல், மிச்ச இலை இருந்த கிளையோடு ஒடித்து ஒரு மரப்பெட்டியில் வைத்துப் புழுக்களை வளர்த்தேன்.

புழுக்கள் கூடு கட்டின. இலை நடுவே தொங்கிய கூடுகள் பச்சை. பலகையில் ஒட்டிக்கொண்டவை பழுப்பு. "ஒரே தாய் போட்ட முட்டைதாங்க. இருக்கிற இடத்தைப் பொறுத்து நிறம் மாறிக்குது" என்று கணவரிடம் பீற்றிக்கொண்டேன். ஃபீனிக்ஸ் பே யார்டில் படகு பழுதுபார்க்கும் தச்சர் அவர். பெட்டியை வெகுநேரம் பார்த்தார்.

மறுநாள் பள்ளிவிட்டு வந்தால் படுக்கையறை முழுக்கச் சுண்ணாம்பு! சுவர், கதவு, கட்டில் கால்கூட வெள்ளை. அடைமழைக் காலம் வேறு, காய மாட்டேன் என்று அடம்பிடித்தது. சாய்ந்தால் என் முதுகும் வெள்ளை.

"என்னங்க இது?"

"பூச்சிக்கே இடத்தோட நிறம் ஒட்டுதே, பிள்ளைக்கு ஒட்டாதா?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"என்னை மாதிரி கருப்பாப் பொறந்துரக் கூடாது புள்ள. யார்டுல என்னைத் தார் டப்பான்னுதான் கூப்பிடுறானுவ. பொம்பளைப் பிள்ளையாப் பொறந்தா அது எப்படித் தாங்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. யார்டு ஆட்கள்மேல் கோபம், அதை நம்பிய இவர்மேலும் கோபம். "அந்தக் கருப்பைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன்" என்று போட்டு உடைத்தேன். "டீச்சர் சும்மா சொல்லுது" என்றார்.

கொஞ்ச நாளில் கூடுகள் பிளந்தன. பச்சையிலிருந்து வந்ததும் கருப்பு வண்ணத்துப்பூச்சி, பழுப்பிலிருந்து வந்ததும் கருப்புதான். ஒன்றின் சிறகில் மட்டும் சிவப்புத் திட்டு; அதுவும் பெற்றவர்கள் தந்த சொத்து.

"கூட்டுக்குத்தாங்க இடத்தோட நிறம். சிறகு பரம்பரையா வர்றது."

அவர் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் சுண்ணாம்புக்கு மேல் இன்னொரு கை சுண்ணாம்பு அடித்தார்.

மகள் பிறந்தாள். அசல் அவர் நிறம், அவர் மூக்கு. பக்கத்து வீட்டு வங்காளி அக்கா தூக்கிப் பார்த்து, "ஏக்தம் பாப் ஜைஸி!" என்று இந்தியில் கூவினார். அப்படியே அப்பனாம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவர் மடியில் கிடத்தினேன். பயந்து பயந்து துணியை விலக்கியவர், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எம்புட்டு அழகு!" என்றார் கடைசியில். பிறகு சந்தேகத்தோடு, "நெசமாவே என்னை மாதிரியா இருக்கா?"

"உரிச்சு வச்சிருக்கு."

பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு விறுட்டென்று எழுந்து போனார். கோபமோ என்று எட்டிப் பார்த்தேன். கண்ணாடி முன் நின்று, தன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.